எந்தப் போர்ட் யாருக்குத் திறந்திருக்கிறது?

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கும் கணினியும் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: ஐரோப்பாவிலிருந்து பையர் அனுப்பிய படிவத்தில், அலுவலகக் கணினிகளில் திறந்திருக்கும் நெட்வொர்க் போர்ட்டுகளின் பட்டியலைக் கேட்டிருக்கிறார்கள். நெட்ஸ்டாட் கட்டளையைத் தட்டிப் பார்த்ததில் நூறு வரிக்கு மேல் ஓடியது. அதில் எதை எழுதுவது, எதை விடுவது? இதைப் பார்க்க நல்ல கருவி எது?

கருவியின் பெயர் மட்டும் போதுமென்றால் ஒரே வரிதான். உங்கள் கணினிக்குள் பார்க்க டிசிபிவியூ, வெளியிலிருந்து பார்க்க என்மேப். ஆனால் அந்த இரண்டு பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு படிவத்தை நிரப்பினால் பட்டியல் தப்பாகத்தான் வரும். இருபது ஆண்டுகளாகத் திருப்பூர், ஈரோடு, பள்ளிபாளையம் என்று சிறிய கம்பெனிகளின் கணினிகளைப் பார்த்து வருகிறேன். இதே விஷயத்தில் நான் ஒரு முறை தவறினேன். அதனால் கஷ்டப்பட்டவர்கள் வேறு மனிதர்கள். அதனால்தான் நீளமாக எழுதுகிறேன்.

நம் பக்கத்துத் தோட்டம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் கிளுவை வேலி. வண்டி போக ஒரு கடவு, ஆடு மாடு ஓட்ட ஒரு கடவு, கிணற்று மேட்டுக்கு ஆள் நுழைகிற சந்து ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு படல். தோட்டத்துக்குள் நிற்பவர் கடவுகளை எண்ணிவிடலாம். வெளியே இட்டேரியில், அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் பாதையில், நடந்து போகிறவர் கண்ணுக்கு அவற்றில் எது திறந்து கிடக்கிறது என்பதை இட்டேரியில் போய் நின்று பார்த்தால்தான் சொல்ல முடியும். தார் ரோட்டிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது இன்னும் வேறு. கணினிக்கும் இந்த மூன்று பார்வைகள் உண்டு: கணினிக்குள்ளிருந்து பார்ப்பது, அதே அலுவலகத்தின் இன்னொரு கணினியிலிருந்து பார்ப்பது, இணையத்திலிருந்து பார்ப்பது. ‘போர்ட் திறந்திருக்கிறதா’ என்று கேட்டால் நான் முதலில் கேட்பது, ‘யாருக்கு?’ என்பதுதான். உங்கள் படிவத்தைத் தயாரித்தவரும் அதைத் தெளிவாகக் கேட்டிருக்க வேண்டும்.

போர்ட் என்பது ஓர் எண், அவ்வளவுதான். 16 பிட் எண் என்பதால் 0 முதல் 65535 வரை இருக்கலாம். கணினிகள் தகவல் அனுப்ப இரண்டு முறைகள் உண்டு: முதலில் கை குலுக்கி இணைப்பு ஏற்படுத்திக்கொண்டு அனுப்புவது டிசிபி, அப்படியே அனுப்பிவிடுவது யுடிபி. டிசிபிக்கு ஒரு வரிசை, யுடிபிக்கு அதே அளவில் தனி வரிசை. 1023 வரையுள்ள எண்கள் நன்கு அறியப்பட்ட சேவைகளுக்கு ஒதுக்கப்பட்டவை. இணையப் பக்கங்களுக்கான 80, 443 எல்லாம் அங்கேதான் வருகின்றன. ஒரு போர்ட் திறந்திருக்கிறது என்றால், அந்த எண்ணில் ஏதோ ஒரு மென்பொருள் காது கொடுத்துக் காத்திருக்கிறது என்று பொருள். அந்த மென்பொருளை நிறுத்தினால் போர்ட்டும் மூடிக்கொள்ளும். ஆகவே எண்ணைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. அந்த எண்ணில் உட்கார்ந்திருப்பது யார் என்று பாருங்கள்.

இனி உங்கள் நூறு வரிக்கு வருவோம். கட்டளைகளின் பெயரைத் தமிழில் ஒலிப்படி எழுதுகிறேன். நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ‘நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ’ என்று கொடுங்கள். நெட்ஸ்டாட் 1983-இல் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸோடு வந்த கட்டளை. விண்டோஸில் எதையும் புதிதாக நிறுவாமலே கிடைக்கிறது. அதனாலேயே இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பின்னால் வரும் மூன்று எழுத்துகளில் ‘ஏ’ காத்திருக்கும் போர்ட்டுகளையும் சேர்த்துக் காட்டச் சொல்கிறது. ‘என்’ பெயர் தேடாமல் எண்ணாகவே காட்டச் சொல்கிறது. இதை விட்டுவிட்டால் ஒவ்வொரு முகவரிக்கும் பெயர் தேடிக்கொண்டு பட்டியல் நத்தையாய் நகரும். ‘ஓ’ அந்தப் போர்ட்டைப் பிடித்திருக்கும் மென்பொருளின் அடையாள எண்ணைத் தருகிறது. அதைப் பிஐடி என்பார்கள்.

டிசிபி வரிகளில் எஸ்டாப்ளிஷ்ட், டைம் வெயிட், க்ளோஸ் வெயிட் என்று இருப்பவற்றை முதலில் ஒதுக்கிவிடுங்கள். அவற்றில் பெரும்பாலானவை நீங்கள் வெளியே போன தடங்கள்: பிரவுசர், மெயில், ஜிஎஸ்டி தளம் என்று. வெளியே போகும்போது விண்டோஸ் 49152-க்கு மேலுள்ள ஓர் எண்ணைத் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளும், வேலை முடிந்ததும் விட்டுவிடும். உங்களுக்கு வேண்டியவை லிசனிங் என்று போட்ட வரிகள். அதிலும் 49664-லிருந்து தொடங்கி வரிசையாகச் சில எண்கள் லிசனிங் என்று நிற்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். அவை விண்டோஸின் சொந்தச் சேவைகள். எல்லா விண்டோஸ் 10, 11 கணினிகளிலும் காணலாம்.

இப்போது, நெட்ஸ்டாட் பட்டியலில் பலரும் கண்ணை ஓட்டிவிட்டுப் போகிற பத்தியைப் பாருங்கள்: உள்ளூர் முகவரி (லோக்கல் அட்ரஸ்). போர்ட் எண்ணுக்கு முன்னால் இருப்பது 127.0.0.1 என்றால், அந்த மென்பொருள் அதே கணினிக்குள் இருப்பவரிடம் மட்டுமே பேசும். பக்கத்து மேஜைக் கணினிகூட அதைத் தொட முடியாது. 0.0.0.0 என்றால், இந்தக் கணினிக்கு எத்தனை நெட்வொர்க் வழிகள் உண்டோ அத்தனையிலும் காத்திருக்கிறது. சதுர அடைப்புக்குள் இரண்டு முக்காற்புள்ளிகள் மட்டும் இருந்தால், ஐபிவி6 என்ற புதிய முகவரி முறைக்கும் அதே பொருள்தான். 192.168 என்று தொடங்கினால் அந்த ஒரு நெட்வொர்க் அட்டையின் வழியாக மட்டும். உங்கள் பட்டியலில் 127.0.0.1 வரிகளை அடித்துவிட்டால் பாதிச் சுமை இறங்கிவிடும். மென்பொருள் எழுதுகிறவர்களுக்கும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும்: ஒரே கணினிக்குள் பயன்படுகிற டேட்டாபேஸை 0.0.0.0-இல் திறந்துவைப்பது, கோழிக்கூண்டின் கதவை ரோட்டைப் பார்த்து வைப்பதற்குச் சமம்.

யுடிபி வரிகளில் லிசனிங் என்ற சொல்லே வராது. யுடிபியில் கை குலுக்கித் தொடங்கும் வழக்கம் இல்லாததால் நிலை என்று சொல்ல ஒன்றுமில்லை. அதனால் பலர் அந்த வரிகளைப் படிக்காமலே விட்டுவிடுகிறார்கள். 2003 ஜனவரியில் எஸ்க்யூஎல் ஸ்லாமர் என்ற புழு யுடிபி 1434 வழியாகத்தான் உலகம் முழுவதும் பரவியது. அதன் அளவு வெறும் 376 பைட். ஒரே ஒரு பொட்டலத்தில் அடங்கியது. உலகில் அதற்கு இடங்கொடுத்த சர்வர்களில் பெரும்பாலானவற்றைச் சுமார் பத்து நிமிடங்களில் பிடித்துவிட்டது. யுடிபி வரிகளையும் படியுங்கள்.

பிஐடி எண்ணை வைத்துக்கொண்டு டாஸ்க் மேனேஜரில் டீடெய்ல்ஸ் பகுதிக்குப் போனால் மென்பொருளின் பெயர் கிடைக்கும். பிஐடி 4 என்றால் அது விண்டோஸின் சிஸ்டமேதான். கோப்புப் பகிர்வுக்கான 445 அதன் பெயரில் இருக்கும். எஸ்விசிஹோஸ்ட் என்று வந்தால் குழப்பம் வரும், ஏனென்றால் பல விண்டோஸ் சேவைகளுக்கு அந்த ஒரே பெயர்தான். அப்போது ‘டாஸ்க்லிஸ்ட் /எஸ்விசி’ என்று கொடுத்தால் அந்த எண்ணுக்குள் ஓடும் சேவைகளின் பெயர் பிரிந்து வரும்.

இந்த வழி வீண் பயத்தைத் தீர்க்க மட்டும் பயன்படுவதில்லை. ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் பில் போடும் மென்பொருள், கணக்கு மென்பொருளான டாலியில் பதிவுகளை ஏற்ற மறுத்தது. டாலி பிரைம் வெளி மென்பொருளோடு பேச வழக்கமாக எடுத்துக்கொள்வது 9000. இரண்டு நாள் இரண்டு மென்பொருளையும் மாற்றி மாற்றி நிறுவிப் பார்த்திருக்கிறார்கள். நெட்ஸ்டாட் வரியைக் கொடுத்து, பின்னால் நெடுங்கோடு (|) இட்டு ‘ஃபைண்ட்எஸ்டிஆர் 9000’ என்று சேர்த்தேன். அந்த எண்ணில் உட்கார்ந்திருந்தது, எப்போதோ யாரோ சோதனைக்கு நிறுவி மறந்துபோன வேறொரு மென்பொருள். அதை நீக்கியதும் பில்கள் ஏறின. ஒரே எண்ணில், ஒரே முகவரியில், இரண்டு பேர் காத்திருக்க முடியாது என்ற எளிய விதிதான் அங்கே இடித்துக்கொண்டிருந்தது.

கட்டளைத் திரை பழக்கமில்லாதவர்களுக்கு டிசிபிவியூவைப் பரிந்துரைக்கிறேன். மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் தொடங்கிய சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ளது; 2006-இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது, இன்றும் இலவசமாகவே தருகிறது. நிறுவத் தேவையில்லை, அப்படியே ஓடும். புதிதாகத் திறப்பது பச்சையிலும் மூடுவது சிவப்பிலும் ஒரு நொடி மின்னும். ஒரு மென்பொருளைத் தொடங்கிவிட்டு இந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருங்கள். அது எந்தக் கடவைத் திறக்கிறது என்று கண்முன்னே தெரியும். புதிய பையன்களுக்கு நான் கற்றுக்கொடுக்கத் தொடங்குவது இந்தத் திரையிலிருந்துதான்.

பட்டியலைக் கோப்பாக எடுக்க வேண்டுமென்றால் நிர்சாஃப்ட்டின் கர்ர்போர்ட்ஸ் வசதியானது. பதிப்பு விவரமோ சின்னமோ இல்லாத மென்பொருள் பிடித்திருக்கும் போர்ட்டுகளை அது இளஞ்சிவப்பில் காட்டும். இளஞ்சிவப்பு என்றாலே வைரஸ் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் ஊரில் எழுதப்பட்ட சிறிய சம்பளக் கணக்கு மென்பொருள்கள்கூட அப்படித் தெரிவதுண்டு. விசாரித்துப் பார்க்க வேண்டிய வரி என்று மட்டும் கொள்ளுங்கள். இந்தக் கருவிகள் எதையும் அவற்றின் சொந்தத் தளம் தவிர வேறெங்கிருந்தும் இறக்க வேண்டாம்.

லினக்ஸ் சர்வர் இருந்தால் ‘எஸ்எஸ் -டியுஎல்பிஎன்’ என்ற ஒரே வரி போதும். முன்னால் சூடோ (அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு ஓட்டும் சொல்) சேர்த்தால்தான் எல்லா மென்பொருள் பெயர்களும் வரும். மேக்கில் ‘எல்எஸ்ஓஎஃப் -ஐ’.

இதுவரை தோட்டத்துக்குள் நின்று எண்ணினோம். ஆனால் உள்ளே வரும் இணைப்புகளை அனுமதிக்கவோ தடுக்கவோ செய்யும் காவலான ஃபயர்வாலைப் பற்றி நெட்ஸ்டாட்டுக்கு எதுவும் தெரியாது. கடவு இருக்கிறது என்று சொல்லும். படல் சாத்தியிருக்கிறதா என்று சொல்லாது. விண்டோஸிலேயே உள்ள ரிசோர்ஸ் மானிட்டரில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் லிசனிங் போர்ட்ஸ் என்பதைத் திறந்தால், ஒவ்வொரு வரிக்கும் ஃபயர்வால் நிலை என்று ஒரு பத்தி இருக்கும். அனுமதி உண்டா இல்லையா என்று அங்கே பார்க்கலாம். இவ்வளவு பயனுள்ள இந்தப் பத்தியைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

ஆனாலும் அது கணினி தன்னைப் பற்றித் தானே சொல்லும் சாட்சிதான். கெட்ட மென்பொருள் இயங்குதளத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டால், தன்னுடைய போர்ட்டை நெட்ஸ்டாட்டின் கண்ணிலிருந்து மறைக்க அதனால் முடியும். ஆகவே இட்டேரிக்குப் போயே ஆக வேண்டும்.

அதற்கான கருவி என்மேப். கோர்டன் லயன் என்பவர் 1997-இல் வெளியிட்டார். இன்றுவரை இதற்கு இணையாக வேறொன்றை நான் கையாண்டதில்லை. விண்டோஸில் நிறுவினால் ஜென்மேப் என்ற படத்திரையும் கூடவே வரும். இது வேலை செய்யும் விதம் எளிது. ஒவ்வொரு எண்ணின் கதவையும் தட்டும். ‘வா’ என்று பதில் வந்தால் ஓபன். ‘இங்கே யாரும் இல்லை’ என்று உடனே மறுப்பு வந்தால் க்ளோஸ்டு. பதிலே வராவிட்டால் ஃபில்டர்ட், அதாவது நடுவில் ஒரு ஃபயர்வால் தட்டும் ஓசையை விழுங்கிவிட்டது. என்மேப் மொத்தம் ஆறு நிலைகளைச் சொல்லும். உங்கள் வேலைக்கு இந்த மூன்றும் போதும்.

இரண்டு இடங்களில் ஏமாறுவோம். ஒன்று, என்மேப் எதுவும் சொல்லாவிட்டால் அதிகம் பயன்படும் 1000 எண்களை மட்டுமே பார்க்கும். ‘-பி-’ என்று சேர்த்தால்தான் 65535 வரை போகும். இன்னொன்று, பலர் அதே கணினியில் உட்கார்ந்து 127.0.0.1-ஐச் சோதித்துவிட்டு வெளிப்பார்வை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அது மறுபடியும் உள்பார்வைதான். பேக்கிங் பகுதிக் கணினியில் உட்கார்ந்து சர்வரைச் சோதியுங்கள். ஒரே ஒரு எண்ணைத்தான் பார்க்க வேண்டுமென்றால் என்மேப்பும் வேண்டாம். பவர்ஷெல்லில் ‘டெஸ்ட்-நெட்கனெக்ஷன்’ என்று தட்டி, சர்வர் முகவரியையும் ‘-போர்ட்’ என்று போட்டு எண்ணையும் கொடுங்கள். கடைசி வரியில் ட்ரூ என்று வந்தால் திறந்திருக்கிறது.

யுடிபியை என்மேப்பால் சோதிக்கப் பொறுமை வேண்டும். மூடிய போர்ட்டுக்கான மறுப்பை நொடிக்கு ஒன்றுதான் அனுப்புவேன் என்று கட்டுப்பாடு வைத்திருக்கும் லினக்ஸ் கணினியில் அத்தனை எண்களையும் பார்க்க 18 மணி நேரத்துக்கு மேல் ஆகும். முக்கியமான சில எண்களை மட்டும் கொடுங்கள்.

இனி நான் தவறிய கதை. அவிநாசி பக்கம் ஒரு பனியன் கம்பெனி. பக்கத்துக் கம்பெனியின் கோப்புகளை யாரோ பூட்டிவிட்டுப் பணம் கேட்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அங்கிருந்த முதலாளி என்னை அழைத்து, தங்கள் சர்வரைப் பார்க்கச் சொன்னார். சர்வரில் உட்கார்ந்து நெட்ஸ்டாட் பார்த்தேன். 445 இருந்தது, கோப்புப் பகிர்வு இருப்பதால் சரி. 3389 இருந்தது, வேறு கணினியிலிருந்து இந்தக் கணினியின் திரையை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப், அலுவலகத்துக்குள் கணக்குப் பிரிவினர் பயன்படுத்துகிறார்கள், சரி. தெரியாத மென்பொருள் ஒன்றும் இல்லை. ‘பயப்பட ஒன்றுமில்லைங்க’ என்று சொல்லிவிட்டு, அவர் கொடுத்த இளநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அலுவலகத்தை இணையத்தோடு இணைக்கும் பெட்டியான ரவுட்டரின் அமைப்புகளை நான் திறந்து பார்க்கவில்லை. முதலாளியின் மகன் கோயம்புத்தூரிலிருந்து கணக்கைப் பார்ப்பதற்காக, முன்பு வந்த ஒருவர் இணையத்திலிருந்து வரும் 3389-ஐ நேராகச் சர்வருக்குத் திருப்பிவிட்டிருந்தார். மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, சர்வரில் எல்லாக் கோப்புகளின் பெயரும் மாறிக் கிடந்தன. ஒவ்வொரு ஃபோல்டரிலும் பணம் கேட்டு ஒரு கடிதம். பேக்கப் எடுத்த டிஸ்க்கும் அதே சர்வரில் செருகியபடியே இருந்ததால் அதுவும் போனது. பிறகு பதிவேட்டைப் பார்த்தபோது, லாகின் தோல்வியைக் குறிக்கும் 4625 என்ற எண்ணில் ஆயிரக்கணக்கான வரிகள். இரவும் பகலும் பாஸ்வேர்டை மாற்றி மாற்றித் தட்டியிருக்கிறார்கள்.

அது தீபாவளி போனஸ் வாரம். டைலர், செக்கிங், அயர்னிங் என்று அத்தனை பேரின் பீஸ் கணக்கும் அந்தச் சர்வரில்தான் இருந்தது. கணக்கு எழுதும் அம்மாவும் நானும் இன்னும் இரண்டு பேரும் பழைய வருகை நோட்டுகளையும் கூலிச் சீட்டுகளையும் வைத்துக்கொண்டு இரண்டு இரவு உட்கார்ந்தோம். போனஸ் ஒரு நாள் தள்ளிப்போனது. தேனி, திண்டுக்கல் பக்கத்து ஊர்களுக்கு முன்பதிவு செய்திருந்தவர்களில் சிலர் பஸ்ஸை விட்டார்கள். கைக்குழந்தையோடு பழைய பேருந்து நிலையத்தில் காத்துக்கொண்டிருந்த ஒரு தம்பதியை நான் பார்த்தேன். நெட்ஸ்டாட் என்னிடம் பொய் சொல்லவில்லை. 3389 திறந்திருக்கிறது என்றுதான் சொன்னது. யாருக்குத் திறந்திருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

ஆகவே மூன்றாவது பார்வை, ரோட்டிலிருந்து பார்ப்பது. முதலில் ரவுட்டரின் பக்கத்துக்குள் போய், போர்ட் ஃபார்வர்டிங் என்ற பகுதியைப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாமல் ஒரு வரிகூட அங்கே இருக்கக் கூடாது. யுபிஎன்பி என்ற வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அலுவலகத்துக்குள் இருக்கும் எந்தக் கருவியும் யாரையும் கேட்காமல் ரவுட்டரில் தனக்கொரு கடவைத் திறந்துகொள்ள அது இடம் கொடுக்கிறது. பிறகு வெளியிலிருந்து சோதனை. ஸ்டீவ் கிப்சன் நடத்தும் ஷீல்ட்ஸ் அப் என்ற இலவசத் தளம், நீங்கள் எந்த முகவரியிலிருந்து வருகிறீர்களோ அதையே திருப்பிச் சோதித்துச் சொல்லும். ஆனால் அதன் வரிசைச் சோதனை 1055-ஆம் எண்ணோடு நின்றுவிடும். எல்லாம் பச்சையாக வந்தது என்று எழுந்துவிடாதீர்கள். 3389 அந்த வரிசையில் இல்லை. எண்ணைத் தனியாகக் கொடுத்துச் சோதிக்க வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இப்போது பல இணைய நிறுவனங்கள் ஒரே வெளி முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. ரவுட்டரின் வேன் முகவரி (இணையப் பக்கம் உள்ள முகவரி) 100.64 முதல் 100.127 வரை ஏதாவதொன்றில் தொடங்கினால் உங்களுக்கும் அப்படித்தான். அப்போது வெளித் தளங்கள் சோதிப்பது நிறுவனத்தின் வாசலை. உங்கள் வாசலை அவை எட்டுவதே இல்லை. ஸ்டாட்டிக் ஐ.பி., அதாவது மாறாத தனி வெளி முகவரி, வாங்கியிருக்கும் கம்பெனிகள்தான் நேராக ரோட்டில் நிற்கின்றன. பையரின் சர்வரோடு இணைவதற்காக ஏற்றுமதிக் கம்பெனிகள் பலவும் அதை வாங்கிவைத்திருக்கின்றன.

3389-ஐ வேறு எண்ணுக்கு மாற்றிவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். எந்த எண்ணில் இருந்தாலும் உட்கார்ந்திருப்பது ரிமோட் டெஸ்க்டாப் என்று என்மேப்பே கண்டுபிடித்துவிடும். இணையத்தில் திறந்து கிடப்பவற்றையெல்லாம் ஓயாமல் தேடி அட்டவணை போடும் ஷோடான் போன்ற தேடுபொறிகள் 2009-லிருந்தே இருக்கின்றன. வீட்டிலிருந்து கணக்குப் பார்க்க வேண்டுமென்றால், அலுவலக நெட்வொர்க்குக்குள் பூட்டிய தனி வழியில் நுழைய உதவும் விபிஎன் போட்டுக்கொள்ளுங்கள். 445 ஒருநாளும் இணையத்துக்குத் திறக்கப்படக் கூடாது. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற கெட்ட மென்பொருள் அந்த எண்ணின் வழியாகத்தான் பரவியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே கொடுத்துவிட்டிருந்தது. போட்டுக்கொள்ளாதவர்களே அதிகம் மாட்டினார்கள்.

கணினி என்று மட்டும் படிவத்தில் இருந்தாலும், நெட்வொர்க்கில் உள்ள மற்றவற்றையும் ஒரு முறை என்மேப்பால் பாருங்கள். பனியன் கம்பெனியில் அவைதான் அதிகம். கைரேகை வருகைப் பதிவு இயந்திரங்கள் பலவும் 4370-இல் காத்திருக்கும். பார்கோடு ஸ்டிக்கர் அடிக்கும் பிரின்டர் 9100-இல் இருக்கும்; அந்த எண்ணில் எது வந்தாலும் அதை அச்சடித்துத் தள்ளுவதுதான் அதன் வேலை. என்மேப் அதை அறிந்து, மென்பொருளை அடையாளம் காணும் சோதனையில் 9100 முதல் 9107 வரை தானாகவே ஒதுங்கிக்கொள்கிறது. கேமரா டிவிஆர் பெட்டியில் 554 இருக்கும். பழைய பெட்டியாக இருந்து 23 (டெல்நெட் என்ற பழைய லாகின் வழி) திறந்திருந்தால் அன்றைக்கே கவனியுங்கள். 2016-இல் மிராய் என்ற கெட்ட மென்பொருள், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும் அந்த வாசல் வழியாகத்தான் இலட்சக்கணக்கில் பிடித்தது. அதன் கையில் இருந்தது 60-க்குச் சற்று மேற்பட்ட பாஸ்வேர்டுகளின் பட்டியல்தான்.

முதலாளியிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொண்டு, உங்கள் கம்பெனியின் முகவரிகளை மட்டும் சோதியுங்கள். ஒரே கட்டடத்தில் மாடிக்கு ஒரு கம்பெனி இருக்கும் இடங்களில் ஸ்விட்ச் பொதுவாக இருப்பதுண்டு; அடுத்த மாடியின் கணினிகளைத் தட்டிப் பார்க்கும் உரிமை உங்களுக்கு இல்லை. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43-ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதியில்லாமல் கணினியிலோ நெட்வொர்க்கிலோ நுழைவதற்கு இழப்பீட்டுப் பொறுப்பைச் சுமத்துகிறது. நேர்மையற்ற நோக்கமும் சேர்ந்தால் 66-ஆம் பிரிவு தண்டனைக்குக் கொண்டுபோகிறது.

படிவத்துக்கு இப்படி எழுதுங்கள். ஒவ்வொரு கணினிக்கும் எண், டிசிபியா யுடிபியா, மென்பொருளின் பெயர், எதற்காகத் தேவை, யாருக்குத் திறந்திருக்கிறது என்று ஐந்து பத்திகள். கடைசிப் பத்தியில் ‘அலுவலக நெட்வொர்க்குக்கு மட்டும்’ அல்லது ‘இணையத்துக்கும்’ என்று இரண்டில் ஒன்று. எடுத்துக்காட்டாக, 445, டிசிபி, விண்டோஸ் கோப்புப் பகிர்வு, கணக்குப் பிரிவின் பொது ஃபோல்டருக்காக, அலுவலக நெட்வொர்க்குக்கு மட்டும். தேவை என்ற பத்தியில் எழுத ஒன்றும் கிடைக்காத வரிகளுக்கு, அந்த மென்பொருளை நிறுத்திவிட்டு மறுபடி சோதித்த பின்பே பட்டியலை அனுப்புங்கள். இணையத்துக்கும் என்று எழுத வேண்டிய வரி ஏதாவது வந்தால், அனுப்புவதற்கு முன் முதலாளியிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

சனிக்கிழமை சம்பளம் போட்டு முடித்து, ஆட்கள் கிளம்பிய பிறகு சோதனையை வைத்துக்கொண்டால் யாருடைய வேலையும் தடைபடாது. எல்லாம் பார்த்த பிறகும் யாருடையது என்று தெரியாத எண் மிஞ்சினால், அந்த எண், அதன் முன்னால் உள்ள முகவரி, மென்பொருளின் பெயர், அந்தக் கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது ஆகிய நான்கையும் எனக்கு எழுதுங்கள். கம்பெனியின் பெயரும் வெளி ஐ.பி. முகவரியும் அதில் வேண்டாம்.